துபாய்ல டீச்சர் வேலை: முதல் மூணு மாசம் எப்படி இருக்கும்?

வழக்கமா இங்க நாம கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இந்த வாரம் கொஞ்சம் தள்ளிப் போறோம். ஆவடியில இருந்து ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தாங்க. பிசிக்ஸ் டீச்சர், பி.எட். முடிச்சவங்க, ஆறு வருஷ அனுபவம். துபாய்ல இந்தியப் பாடத்திட்டம் நடத்துற ஒரு பள்ளியில இருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கு, வர்ற ஏப்ரல்ல சேரணும். "போனா செட் ஆகிடுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

நான் டீச்சர் இல்ல. ஆனா எங்க அக்கா டீச்சர். பூந்தமல்லி பக்கம் ஒரு பள்ளியில 9 வருஷம் கணக்கு எடுத்தவங்க. 2024 மார்ச் 28, ராத்திரி ஃப்ளைட். குமணன்சாவடியில மெட்ரோ வேலை நடந்த இடத்துல கேப் நின்னு நின்னு போச்சு, அம்மா வழி முழுக்கப் பேசவே இல்ல. பாப்பாவுக்கு அப்போ 5 வயசு. அக்கா முதல்ல போறது, ஒரு இடம் பார்த்ததும் மாமாவையும் பாப்பாவையும் கூப்பிட்டுக்கறது, இதுதான் ப்ளான். சரியா நாலாவது வாரம் போன் பண்ணி, "டேய், நான் திரும்பி வந்துடறேன்டா"ன்னு அழுதாங்க. அந்த போன் ஏன் வந்தது, அதுல எதைத் தவிர்த்திருக்கலாம், எதைத் தவிர்க்கவே முடியாதுங்கறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல பேப்பர் வேலை, ஏன்னா அது இங்கேயே ஆரம்பிக்குது. டிகிரி, பி.எட். சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன் வேணும். மாநில அரசு முத்திரை, அப்புறம் நம்ம வெளியுறவு அமைச்சகம், அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம், கடைசியா அங்க போனதும் அவங்க வெளியுறவு அமைச்சகம். இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்துல 2005லேயே சேர்ந்துடுச்சு, ஆனா அக்கா போன சமயத்துல எமிரேட்ஸ் அதுல இல்ல. அதனால ஒரே முத்திரையில முடியாது, படிப்படியாத்தான் ஏறணும். இது போக பாஸ்போர்ட் ஆபீஸ்ல போலீஸ் கிளியரன்ஸ்.

இதுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு. இனிஷியல். அக்காவோட டிகிரியில பேருக்குப் பின்னாடி ஒரே ஒரு எழுத்து. பாஸ்போர்ட்ல அந்த எழுத்து அப்பாவோட முழுப் பேரா விரிஞ்சு, சர்நேம் கட்டத்துல உட்கார்ந்திருக்கு. பார்க்கறவங்களுக்கு ரெண்டும் வேற வேற ஆள். நோட்டரி கிட்ட போய் "இருவரும் ஒருவரே"ன்னு அஃபிடவிட் வாங்கினோம். சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்க இன்னும் உஷாரா இருங்க. 2022 நவம்பர்ல, ஒற்றைப் பேர் மட்டும் இருக்கற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு எமிரேட்ஸ் சொல்லி, நம்ம ஊர் ஆளுங்க நிறைய பேர் தவிச்சாங்க. அப்புறம்தான் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இருந்தா பரவாயில்லன்னு விளக்கம் வந்தது. ஆஃபர் வர்றதுக்கு முன்னாடியே இதைச் சரி பண்ணி வைங்க.

அடுத்தது ஏஜென்ட். எங்களுக்குக் கிடைச்ச ஆள் 1.5 லட்சம் கேட்டார். அக்கா வளையலை அடகு வெச்சு முதல் தவணை கட்டினதுக்கு அப்புறம்தான் நான் ரூல்ஸைப் படிச்சேன். வெட்கமாத்தான் இருக்கு, தினமும் டாக்குமென்டேஷன் படிச்சுச் சம்பளம் வாங்கறவன் நான். இந்தியாவில பதிவு பெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட சர்வீஸ் சார்ஜா வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி. அவ்வளவுதான். எமிரேட்ஸ் தொழிலாளர் சட்டமோ ஆள் எடுக்கற செலவை வேலைக்கு வர்றவங்க தலையில கட்டவே கூடாதுங்குது. ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு ஈ-மைக்ரேட் தளத்துல ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம். எங்க ஆள் அதுல இல்லவே இல்ல. கட்டின பணம் திரும்பி வரல.

ஆஃபர் லெட்டருக்கு வருவோம். நேயர் மாச மொத்தச் சம்பளத்தை மட்டும் எழுதியிருக்காங்க. அந்த நம்பர் பாதிக் கதைதான். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க. வேலையை விட்டு வரும்போது கிடைக்கற கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வெச்சுத்தான். ஒரு வருஷம் முடிச்சிருந்தா, முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். உதாரணத்துக்கு மொத்தம் 5,000 திர்ஹம்னு வைங்க. அடிப்படை 4,000னா வருஷத்துக்கு 2,800 திர்ஹம் சேரும். அடிப்படை 2,500னு போட்டு மிச்சத்தை அலவன்ஸ்ல தள்ளினா 1,750தான். மூணு வருஷத்துல 3,150 திர்ஹம் வித்தியாசம். நம்ம காசுல 70,000 ரூபாய்க்கு மேல.

இன்னொன்னு, கோடை லீவ். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அங்கேயும் ஏப்ரல்லதான் வருஷம் தொடங்கும், ஆனா பெரிய லீவ் ஜூலை, ஆகஸ்ட்ல. ஏப்ரல்ல சேர்ந்தவங்களுக்கு அந்த ரெண்டு மாசம் சம்பளம் உண்டா, டிக்கெட் யார் செலவுன்னு எழுத்துல கேளுங்க. வாயால சொன்னா பத்தாது. அரசு தர்ற வேலை ஒப்பந்தப் படிவம் அரபி, இங்கிலீஷோட மூணாவதா ஒரு மொழியிலயும் கிடைக்கும். அந்த மொழிகள்ல தமிழும் இருக்கு. தயங்காம கேட்டு வாங்குங்க.

இனி அங்க போய் இறங்கின கதை. எங்க பாஷையில டிபெண்டென்சின்னு ஒண்ணு உண்டு. அது முடிஞ்சாத்தான் இது ஓடும். துபாய்ல முதல் மாசம் முழுக்க அதுதான். மெடிக்கல் டெஸ்ட் முடியணும், விரல் ரேகை கொடுக்கணும், அப்புறம் எமிரேட்ஸ் ஐடி. ஐடி இல்லாம ஒழுங்கான பேங்க் அக்கவுண்ட் இல்ல. அக்கவுண்ட் இல்லாம செக் புக் இல்ல. அங்க வீட்டு வாடகை வருஷக் கணக்கு, பின் தேதி போட்ட செக்கா கொடுக்கணும். ஆக செக் புக் இல்லாம வீடு இல்ல. டெபாசிட் 5 சதவீதம், கரண்ட்-தண்ணிக்கு ஃபிளாட்டுன்னா 2,000 திர்ஹம் டெபாசிட், எல்லாம் தனி. அதனால அக்கா முதல்ல இருந்தது பெட் ஸ்பேஸ். ஒரு ரூம், நாலு கட்டில், அதுல ஒண்ணு இவங்களுக்கு. 9 வருஷம் ஒரு பள்ளிக்கூடமே "மிஸ் வர்றாங்க"ன்னு வழி விட்ட ஆள், பாத்ரூமுக்கு க்யூவுல நின்னாங்க. நகைக்கடன் போக மூணு மாசச் செலவுக்குத் தனியா காசு எடுத்துட்டுப் போகணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. இப்போ நான் சொல்றேன்.

அக்கா போனப்ப ரமலான். பள்ளி நேரம் குறைவு. ஏப்ரல் 15 திங்கள்தான் முதல் முழு நாள். மறுநாள் 16ஆம் தேதி பெருமழை. 1949ல பதிவு ஆரம்பிச்சதுல இருந்து எமிரேட்ஸ் பார்க்காத மழை. அல் ஐன் பக்கம் ஒரு இடத்துல ஒரு நாளைக்குள்ள 254 மில்லிமீட்டர். அக்கா ஜன்னல்ல இருந்து வீடியோ அனுப்பறாங்க, கார் எல்லாம் மிதக்குது. கீழே மெசேஜ்: "இங்க ஏரி எதுவும் இல்லையேடா, எங்க இருந்து இவ்வளவு தண்ணி?" செம்பரம்பாக்கம் பக்கத்துல வளர்ந்தவங்களுக்கு மழைன்னா அடுத்த கேள்வி ஏரியைத் திறந்துட்டாங்களாங்கறதுதான்.

அந்த வாரம் மிச்சமெல்லாம் ஆன்லைன் வகுப்பு. அக்காவுக்கு அது அதிர்ஷ்டம். 2020ல ஒரு வருஷத்துக்கு மேல போன்லயே கணக்கு எடுத்த அனுபவம் இருக்கே. ஒரே ஒரு வேடிக்கை. ஸ்கூல் அக்கவுண்ட்ல பாஸ்போர்ட் சர்நேம்தான் பெருசா தெரியும். ஏழாம் வகுப்பு பிள்ளைங்க 28 பேரும் அப்பா பேரைச் சொல்லி "குட்மார்னிங் மேம்"ங்கறாங்க. எங்கப்பா எட்டாவதோட படிப்பை விட்டவர். போன்ல இதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசல. சட்டையை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டார். அங்க போய்ச் சொல்லத்தான், வேற எதுக்கு.

அழுத போன் வந்தது அதுக்கு அடுத்த வாரம். பேப்பர், பணம், கட்டில் எல்லாத்தையும் தாங்கின அக்கா, வகுப்புலதான் உடைஞ்சாங்க.

நம்ம ஊர் இங்கிலீஷ் மீடியம் எப்படி நடக்குதுன்னு யோசிங்க. பாடம் இங்கிலீஷ்ல நடக்கும், வகுப்பு தமிழ்ல நடக்கும். பின் பெஞ்சுல ஒருத்தன் பேப்பர் ராக்கெட் விட்டா, பூந்தமல்லியில அக்கா, "டேய் ராசா, அதை ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அனுப்பு, இங்க வேணாம்"னுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க, அவனும் சிரிப்பான், வகுப்பு அடங்கிடும். அதட்டல், கிண்டல், செல்லம் மூணும் அந்த ஒரு "டேய்"ல இருந்தது. துபாய்ல அதே மாதிரி ராக்கெட் பறந்தது. அக்கா "ப்ளீஸ் சிட் ப்ராப்பர்லி"ன்னாங்க. யாரும் அசையல. வகுப்புல மலையாளம், இந்தி, குஜராத்தி, உருது பேசற பிள்ளைங்க. தமிழ் பிள்ளைங்க மூணே பேர். பின்னாடி செக்‌ஷன் ஹெட் உட்கார்ந்து அப்சர்வேஷன் எழுதிக்கிட்டிருக்காங்க. "எனக்குக் கணக்கு மறக்கலடா, நான் யாருன்னுதான் மறந்து போச்சு"ன்னாங்க அக்கா.

இதுக்கு எந்த பேப்பரும் உதவாது. புது கம்பெனியில எனக்கு ஒரு மாசம் ஆன்போர்டிங், கூடவே ஒரு சீனியர். டீச்சருக்கு முதல் நாளே ப்ரொடக்‌ஷன்.

திரும்பி வர்றதுன்னா என்ன ஆகும்னு நான் படிச்சுப் பார்த்தேன். ப்ரொபேஷன் அதிகபட்சம் 6 மாசம். அதுக்குள்ள நாட்டை விட்டே கிளம்பறதா இருந்தா 14 நாள் நோட்டீஸ். அங்கேயே வேற பள்ளிக்கு மாறணும்னா ஒரு மாசம். நோட்டீஸ் தராம கிளம்பினா ஒரு வருஷத்துக்கு அங்க வேலை பெர்மிட் கிடைக்காது. "14 நாள்தான் அக்கா, எப்ப வேணா வரலாம். இன்னைக்கே முடிவு பண்ணாத"ன்னு சொன்னேன். கதவு திறந்துதான் இருக்குன்னு தெரிஞ்சதும் கொஞ்சம் மூச்சு விட்டாங்க.

அப்புறம் நாங்க பண்ணது ரொம்பச் சின்ன வேலை. வகுப்பு நடத்தத் தேவையான இருபது வாக்கியத்தை அக்கா இங்கிலீஷ்ல எழுதினாங்க. பாடத்துக்கு இல்ல. அதட்ட, பாராட்ட, சிரிக்க வைக்க. தினமும் நம்ம நேரம் ராத்திரி ஒன்பதரைக்கு, அங்க எட்டு மணி, போன்ல நான்தான் பின் பெஞ்ச் பையன். 28 பேரோட பேரையும் அவங்க வீட்டுல கூப்பிடற உச்சரிப்புல கத்துக்கிட்டாங்க. பக்கத்து வகுப்பு மலையாளி டீச்சர் ஒருத்தரோட கிளாஸ்ல போய் உட்கார்ந்து பார்த்தாங்க. அவங்க கத்தறதே இல்லையாம், பேச்சை நிறுத்திட்டு சும்மா நிப்பாங்களாம்.

ஒரு நாள் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. "உங்க வீட்டுல எப்படி எண்ணுவீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. இந்தியில 23 ‘தேயீஸ்’. அதுக்குள்ள இருபதும் மூணும் வெளிய தெரியாது. தமிழ்ல இருபத்தி மூணு, அப்படியே பிரிஞ்சு நிக்குது. "ஆனா எங்க ஊர்லயும் ஒரு கோளாறு இருக்கு"ன்னு தொண்ணூறை எழுதினாங்க. எண்பது வரைக்கும் பத்துன்னு முடியுது, தொண்ணூறு மட்டும் நூறுன்னு முடியுது. அதே மாதிரி தொள்ளாயிரம் ஆயிரத்துல முடியுது. மலையாளப் பிள்ளைங்க, "மேம், எங்களுக்கும் தொண்ணூறு, தொள்ளாயிரம்தான்!"னு எழுந்து நின்னுட்டாங்க. ராக்கெட் விட்ட பையன்தான், அப்போ ஒன்பதுங்கறது பத்துக்கு ஒண்ணு கம்மிங்கற மாதிரியான்னு கேட்டானாம். அன்னைக்கு வந்த போன்ல அழுகை இல்ல.

ஜூலையில லீவுக்கு வந்தாங்க. பாப்பா முதல் அரை நாள் கிட்டவே போகல, அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அதைப் பத்தி அக்கா இன்னும் பேச மாட்டாங்க, நானும் கேக்கறதில்ல. குடும்பத்தை ஸ்பான்சர் பண்ண மாசச் சம்பளம் 4,000 திர்ஹம், இல்லன்னா 3,000த்தோட தங்குமிடம் வேணும். அம்மா பேர்ல பிள்ளையைக் கூப்பிட அப்பாவோட எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேணும். மாமா கையெழுத்துப் போட்டார், ஆனா ஸ்ரீபெரும்புதூர் வேலையை விடல. 2025 ஏப்ரல்ல பாப்பா மட்டும் போனா, ஒண்ணாம் வகுப்புக்கு.

ஆவடி நேயருக்கு: போலாம். ஆனா ஏஜென்டுக்குப் பத்து பைசா கொடுக்கறதுக்கு முன்னாடி ஈ-மைக்ரேட்ல பேரைப் பாருங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ல இருந்து இருக்கு, அவங்க அறிவிப்புகளையும் ஒரு கண்ணு பார்த்துடுங்க. அந்த இருபது வாக்கியத்தை இங்கேயே எழுத ஆரம்பிங்க. ஆஃபர் லெட்டர்ல பள்ளிப் பேரையும் உங்க பேரையும் மறைச்சுட்டு எனக்கு அனுப்புங்க. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா போன்ல இருப்பாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வரி வரியாப் படிச்சுட்டுச் சொல்றோம்.