தண்ணி ஊத்தாதீங்க, மழை வரட்டும்! - ஷிஃப்ட் வாழ்க்கைக்கு ஏற்ற ரெயின் லில்லி

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பாதித் தூக்கத்துல ரூமுக்குப் படியேறுறீங்க. நாலு நாளைக்கு முன்னாடிதான் சாயங்காலம் ஒரு நல்ல மழை பெஞ்சது. படிக்கட்டு ஓரத்தில் யாரோ விட்டுட்டுப் போன பழைய பெயின்ட் டப்பா. அதில் நேத்து வரைக்கும் புல் மாதிரி ஏதோ இருந்துச்சு. இன்னைக்குப் பார்த்தா, காலை வெயிலில் பத்துப் பதினைந்து பிங்க் நட்சத்திரங்கள் விரிஞ்சுகிட்டு இருக்கு!

அதுதான் ரெயின் லில்லி. நம் ஊர் நர்சரிகளில் 'மழை லில்லி' என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். செம்பரம்பாக்கத்தில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும் ஆளா நீங்கள்? 'நமக்கெல்லாம் செடி வளர்க்க எங்க பாஸ் நேரம்?' என்று சலித்துக்கொள்பவரா? அப்படியென்றால் இந்தச் செடி உங்களுக்குத்தான். ஏன் என்று பார்ப்போம்.

வெங்காயத்துக்குச் சொந்தக்காரன்

ரெயின் லில்லியின் தாவரவியல் பெயர் செஃபிராந்தஸ். கிரேக்க மொழியில் 'மேற்குக் காற்றின் பூ' என்று அர்த்தம். தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஆனால், பெயர் என்னவோ நம் ஊருக்கே வைத்த மாதிரி இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை செம்பரம்பாக்கம் பக்கம் சாயங்கால மழை எங்கிருந்து வரும்? மேற்கே கறுத்துக்கொண்டுதான் வரும். அந்த மழைக்குத்தான் இது பூக்கும்.

மண்ணுக்கடியில் சின்ன வெங்காயம் சைஸில் ஒரு கிழங்கு. மேலே புல் போன்ற மெல்லிய இலைகள். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பூ, அதற்கு ஆறு இதழ்கள். வெங்காயம், பூண்டு எல்லாம் இருக்கும் அதே அமரில்லிடேசி குடும்பம்தான் இதுவும்.

நர்சரிகளில் பெரும்பாலும் மூன்று நிறங்கள் கிடைக்கும். பிங்க், வெள்ளை, மஞ்சள். முதல்முறை வளர்ப்பவர்கள் பிங்க் அல்லது வெள்ளையில் ஆரம்பியுங்கள். வெள்ளை ரகத்தின் இலை கொஞ்சம் தடிமனாக, வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். ஈரத்தை மற்ற ரகங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும்.

மழை பெஞ்சதும் எப்படிப் பூக்குது?

எந்த மேஜிக்கும் இல்லை. வெயில் காலத்தில் மண் காயும்போது, இந்தக் கிழங்கு தன் வேலையைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். இலைகள் செய்து அனுப்பிய உணவு எல்லாம் உள்ளே சேமிப்பாக இருக்கும். காய்ந்து கிடந்த மண் திடீரென்று முழுசாக நனைந்தால், அதுதான் அதற்கு அலாரம். தயாராக இருக்கும் மொட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு கிடுகிடுவென மேலே வரும். நல்ல மழைக்குப் பிறகு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பூ பார்க்கலாம்.

ஒரு பூவின் ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். வெயில் ஏறும்போது விரியும், இருட்டினால் மூடிக்கொள்ளும். ஆனால், தொட்டியில் கூட்டமாகக் கிழங்குகள் இருந்தால் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பூ வர ஈரம் எவ்வளவு முக்கியமோ, அதற்கு முந்தைய காய்ச்சலும் அவ்வளவு முக்கியம். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் என் முதல் ரெயின் லில்லியை நான் கொன்றேன். தினமும் காலையில் ஒரு சொம்பு, மனசு கேட்காமல் இரவில் இன்னொரு சொம்பு. ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள். தோண்டிப் பார்த்தால் கிழங்குகள் கொழகொழவென்று அழுகிப் போயிருந்தன. அது தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. என் பாசத்தில் மூழ்கிச் செத்தது.

'என் கைக்குச் செடி வராதுப்பா' என்று சொல்பவர்கள் பலரும் இந்தக் கதையைத்தான் கடந்திருப்பார்கள். கை சரியாகத்தான் இருக்கிறது, சொம்பைத்தான் கீழே வைக்க வேண்டும்.

நடுவது எப்படி?

தொட்டி: ஆறு இன்ச் ஆழம் இருந்தாலே போதும். பெயின்ட் டப்பா, உடைந்த பக்கெட் எதுவானாலும் ஓகே. அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம்.

மண்: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தேங்காய் நார்த்தூளை அள்ளிப் போடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தச் செடிக்கு அது வேண்டாம்.

கிழங்கு: கூர்முனை மேலே இருக்கும்படி, கழுத்து மண் மட்டத்துக்கு வரும் அளவுக்குப் புதையுங்கள். இரண்டு இன்ச் இடைவெளி. ஒன்றே ஒன்றை நட்டுவிட்டு ஏமாறாதீர்கள். அகலமான ஒரு தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிழங்கு இருந்தால்தான் பூக்கும்போது கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

வெயில்: நாலு முதல் ஆறு மணி நேர நேரடி வெயில். உங்கள் ரூமில் துணி நன்றாகக் காயும் இடம் எதுவோ, அதுதான் தொட்டிக்கும் சரியான இடம்.

தண்ணி: நட்டதும் ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். அதன்பிறகு, விரலை ஒரு இன்ச் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சொம்பைத் தொடாதீர்கள்.

ஒரு வாரம் முழுக்க ஓவர்டைம் போய், செடியைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது.

பூக்கலையா? இதைப் பாருங்க

இலை மட்டும் செழிப்பாக இருக்கிறது, பூ இல்லை என்றால் முதலில் வெயிலைச் சந்தேகப்படுங்கள். அடுத்தது உரம். யூரியா மாதிரி தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இரண்டும் சரியாக இருந்தால், 'பட்டினி வைத்தியம்' செய்யுங்கள். தொட்டியை மழை படாத இடத்தில் வைத்து, மூன்று நான்கு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். இலை கொஞ்சம் வாடும். பயப்பட வேண்டாம். பிறகு ஒருநாள், அடி ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள். பெரும்பாலும் மொட்டு எட்டிப் பார்க்கும். பக்கெட்டில் பிடித்து வைத்த மழைநீராக இருந்தால் இன்னும் நல்லது. உப்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீர்தான் உங்கள் வீட்டில் என்றால், இதற்காகவே ஒரு பக்கெட்டை மழையில் வையுங்கள். எடுத்ததும் மூடி வைக்க மறக்காதீர்கள், கொசு வரும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.

கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு ஒரு புழு வந்தால் அலட்சியம் வேண்டாம். ஒரே இரவில் தொட்டியை மொட்டையடித்துவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலை போனாலும் கிழங்கு இருக்கும். மறுபடியும் துளிர்க்கும்.

ஏரி நிரம்பும் மாதங்களில்...

இந்தப் பக்கம் வசிப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நவம்பர் வந்தால் இந்த எண்கள் எல்லோர் போனிலும் ஓடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றின் கரையோரங்கள் மூழ்கியதும் யாருக்கும் மறக்காது.

ரெயின் லில்லிக்கும் இதுதான் ஆபத்தான சீஸன். மழையில் பூக்கும் செடிதான், ஆனால் நாள்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீரில் தொட்டிக் கிழங்குகள் அழுகிவிடும். தொடர் மழை அறிவிப்பு வந்தால் தொட்டியை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். இடமில்லையா? ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து, தொட்டியைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டால் போதும்.

கிச்சன் பக்கம் கொண்டுபோகாதீங்க!

இதை மட்டும் கொஞ்சம் சீரியஸாகப் படியுங்கள். ரெயின் லில்லி முழுக்க நச்சுத்தன்மை கொண்டது, குறிப்பாகக் கிழங்கு. அதிலுள்ள லைகோரின் என்ற வேதிப்பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அழகான பூவுக்குக் கீழே விஷக்கிழங்கு என்பது நமக்குப் புதிதல்ல. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் அப்படித்தான்.

நம் பகுதியில் இந்த எச்சரிக்கை ஏன் அதிகம் தேவை? ஒரே ரூமில் ஐந்தாறு பேர் தங்கி, முறை வைத்துச் சமைக்கிற ஊர் இது. நீங்கள் நடுவதற்காக ஒரு கவரில் கிழங்கை வாங்கி வந்து கிச்சன் ஸ்லாப்பில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகிறீர்கள். அடுத்த ஷிஃப்ட் முடிந்து பசியோடு வரும் ரூம்மேட், அதைச் சின்ன வெங்காயம் என்று நினைத்து உரித்துவிட்டால்? நசுக்கினால் வெங்காய வாசனை வராது, வெளித்தோலும் கருப்பழுப்பாக இருக்கும். ஆனால், அரைத்தூக்கத்தில் சமைப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாரா?

அதனால், கிழங்கு வாங்கினால் அன்றே நடுங்கள். முடியாவிட்டால் கவர் மேல் பெரிதாக 'விஷம்' என்று எழுதி, சமையல் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். குழந்தைகள், நாய், பூனை எட்டும் உயரத்தில் தொட்டி வேண்டாம். தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். செடியையோ அதன் போட்டோவையோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ரூம் காலி பண்ணும்போது?

இந்த கேள்விதான் பலரையும் செடி வாங்க விடாமல் தடுப்பது. 'இன்னும் எத்தனை மாசம் இங்க இருப்போம்னே தெரியல, இதுல செடி வேறயா?' நியாயம்தான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட சிப்காட் பெண் பணியாளர் விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. விடுதிகளிலும் வாடகை ரூம்களிலும் இருக்கும் நம்மில் பலருக்கு, கட்டில்கூடச் சொந்தமில்லை.

ஆனால், ரெயின் லில்லியை மாமரம் மாதிரி விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள். மண் காய்ந்ததும் கிழங்குகளை எடுத்து மண்ணைத் தட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். நியூஸ்பேப்பரில் சுற்றினால் பேக்கின் ஓரத்தில் அடங்கிவிடும். ஓரிரு வாரம் தாங்கும். திண்டுக்கல்லோ, ஒடிசாவோ, ஊர்போய்ச் சேர்ந்ததும் மண்ணில் வைத்துவிடலாம்.

இரண்டு மூன்று வருடத்தில் ஒரு கிழங்கு பக்கத்தில் குட்டிகள் போட்டுப் பெருகியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துப்போக வேண்டாம். பாதியை டப்பாவிலேயே விட்டுவிட்டு, அடுத்து வருகிறவருக்காகச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'இது வெங்காயம் இல்லை. தினமும் தண்ணி ஊத்தாதீங்க. மழைக்கு அப்புறம் பாருங்க.'