கூடையில்லாமல் ஒரு நடை

சகோதரிகளே, ஒரு வேலையும் இல்லாமல் நீங்கள் கடைசியாக எப்போது நடந்தீர்கள்?

தண்ணீருக்கும் விறகுக்கும் நடந்திருப்போம். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும், ஒரு கையெழுத்துக்காகக் கிராம சேவகரிடமும், காணாமல் போனவரின் படத்தை ஏந்திக்கொண்டு கச்சேரிக்கும் நடந்திருப்போம். யுத்தத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து நடந்த நடையைச் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் மலையகப் பெண்களும் விடிந்ததும் பெரட்டுக்கு நடந்து, பிறகு கூடையோடு மலையேறி, கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்குகிறார்கள். இத்தனை நடையிலும் நமக்கென்று நடந்தது எவ்வளவு?

நான் டிக்கோயாவில் பிறந்து வளர்ந்தவள். சமூகவியல் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை, மகிழ்ச்சிக்காக நடப்பது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பெரிய நகரத்தின் பக்கத்தில்

கண்டி சனநெரிசல் மிகுந்த நகரம். ஆனால் அதைச் சுற்றிப் பச்சை குறையவில்லை. பல்கலைக்கழகத்தின் பின்னாலேயே ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. ஒரு சனிக்கிழமை தோழிகள் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். பாதி வழியில் நான், "அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டு வருவோம்" என்றார்கள். அது எனக்குப் புதினமாக இருந்தது. மேலே புல்வெளியில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தபோது, என் அம்மா ஒருநாளாவது இப்படி மலையில் உட்கார்ந்திருப்பாளா என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

அதன்பின் கண்டியில் நடக்கும் இடங்களைத் தேடிப் போகத் தொடங்கினேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் அமைத்த வாவியை ஒரு சுற்று வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதற்குக் கட்டணமில்லை. தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காடு, சுமார் 104 ஹெக்டேயர். உள்ளே போய்ச் சில நிமிடங்களில் பஸ் சத்தம் அடங்கிவிடும், குருவிச் சத்தம் மட்டுமே கேட்கும். பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும்.

"பாதையை விட்டு இறங்கலாமோ?"

சில வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரியில், கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து எட்டுப் பெண்கள் எங்கள் மகளிர் குழுவைச் சந்திக்க டிக்கோயாவுக்கு வந்தார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறியதை நீங்கள் அறிவீர்கள். வந்தவர்களில் ஒரு அக்காவும் இந்த மலைகளில் ஒரு லயத்தில் பிறந்தவர்தான். ஐந்து வயதில் வன்னிக்குப் போனவர். பிறந்த லயம் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மரத்தடியில் இருந்த மாடசாமி கல்லும், தொழிற்சாலைச் சங்குச் சத்தமும்தான் நினைவில் இருந்தன.

இரண்டாம் நாள் காலை, எல்லோரும் நடந்துவிட்டு வருவோம் என்றேன். எங்கள் குழுவில் முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். "ஏம் புள்ள, கூடை இல்லாம மலைக்குப் போனா ஆளுக என்னா சொல்லுவாங்க?" என்றார். எங்கள் பக்கம் 'மலை' என்றால் வேலைக்காடு. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பியவர் அவர்தான்.

காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும் பக்கமாக நடந்தோம். 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயம் நீருக்கு மேலே மேட்டில் நிற்பது தெரிந்தது. இந்த நீர்த்தேக்கத்தை நிரப்பும் கெஹெல்கமு ஓயா, கீழே மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்தக் களனியில் எடுப்பது. இதைச் சொன்னதும், "அப்ப எங்கட தலைநகரத்துக்கே இஞ்ச இருந்துதான் தண்ணியோ?" என்று ஒரு தங்கச்சி ஆச்சரியப்பட்டாள்.

ஓரிடத்தில் பாதையைவிட்டுப் பத்து அடி தள்ளி ஒரு பெரிய பாறை. அதில் ஏறி உட்காரலாம் என்று நான் புல்லில் இறங்கினேன். ஒருவரும் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வன்னிப் பெண்கள் எட்டுப் பேரும் பாதையின் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பாதையை விட்டு இறங்கலாமோ தங்கச்சி?" என்று அந்த அக்கா கேட்டார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது வெட்கமாகிவிட்டது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளுக்கு நடுவே மீள்குடியேறியவர்களுக்குப் புல் என்றால் மிதிவெடி. மகளிர் குழுவுக்கு எத்தனையோ வகுப்பு நடத்திய எனக்கு இது முன்கூட்டியே தோன்றவில்லை.

பதில் சொன்னது கொழுந்து பறித்த அம்மாதான். "இங்க அட்டை மட்டுந்தான் கண்ணு கடிக்கும்" என்று சொல்லி, அக்காவின் கையைப் பிடித்து முதல் அடியைத் தானே வைத்தார். அக்கா இறங்கினார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. ஒரு பெண் மட்டும் வரவில்லை. பாதையிலேயே குந்திவிட்டார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. எங்கள் குழுப் பெண் ஒருவர் அவரோடு துணைக்கு இருந்தார்.

பாறையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அக்கா சொன்னார்: "2009இல நடக்கேக்க முன்னுக்குப் போறவரின்ர குதிக்காலை மட்டும் பாத்துக்கொண்டு நடந்தனான். அவர் கால் வச்ச இடத்திலதான் நானும் வைப்பன். இண்டைக்குத்தான் நடக்கேக்க தலையை நிமித்திப் பாக்கிறன்."

அந்த அம்மாவும் சொன்னார்: "முப்பது வருசமா இந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கேன். ஒருநாள் உக்காந்ததில்ல. உக்காந்தா கங்காணி சத்தம் போடுவாரு."

அக்கா பிறந்த லயத்தை அன்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பத்து மணிக்குச் சங்கு ஊதியபோது அவர் நின்று கேட்டார்.

மலை யாருக்குச் சொந்தம்?

இப்போது எங்கள் மலைகளுக்கு நடப்பதற்காகவே உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 'பெக்கோ நடைபாதை' என்பது 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது, 22 கட்டங்கள் கொண்டது. கண்டியில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் அதன் வழியில் உள்ளது. கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று எங்கள் பக்கமும் வருகிறது. இதற்கென்று புதிதாக மலையை வெட்டவில்லை. பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளையே இணைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளைத் தோண்டிப் போட்டது எங்கள் பாட்டன், பூட்டிகளின் கைகள். பாதை போட்டவர்களின் பேத்திகளும் அதில் ஓய்வாக நடக்க வேண்டாமா?

இந்தக் கேள்வி வேறு நாடுகளிலும் எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்கள் வார விடுமுறையில் பக்கத்து மலையில் நடக்க விரும்பினார்கள். ஆனால் அந்த மலை பணக்காரர்களின் வேட்டைக்காடு. 1932 ஏப்ரலில் சில நூறு இளைஞர்கள் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் மலையில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் அதற்கான சட்டம் வந்தது. 1951இல் அந்த மலைப்பகுதி பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவானது.

நம் நாட்டிலும் ஒரு பெருநடை நடந்தது. மலையக மக்கள் இங்கு வந்து 200 வருடமானதை முன்னிட்டு, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் பசியும் நோயுமாக நடந்து, வழியில் பலர் மாண்ட பாதை அது. அதே வழியில் பேத்திகள் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

நீங்களும் தொடங்கலாம்

இதற்குக் காசு வேண்டாம், துணை வேண்டும். இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரைமணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. வேலைக்கு நடப்பதே அதற்கு மேல் என்பீர்கள். உண்மைதான். நான் சொல்லும் நடை உடம்புக்கு மட்டுமல்ல, மனதுக்கும். யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடற்கரையோ ஆரியகுளமோ, மட்டக்களப்பில் வாவிக்கரையோ, கிளிநொச்சியில் இரணைமடுக் குளக்கட்டோ, உங்களுக்கு எது பக்கமோ அங்கே தொடங்குங்கள்.

வன்னியில் எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் வைக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் அறிவியுங்கள்.

மலையகத்துக்கு வருவதானால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. டிக்கோயாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசுங்கள், ஒரு பொட்டலம் உப்பும் இருக்கட்டும். குளவிக்கூடு கண்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள், குளவிக்கொட்டு உயிரையே எடுக்கும். இங்கே சிறுத்தைகள் உலவுவதால் இருட்டுமுன் வீடு சேருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே எந்தப் பாதையிலும் இறங்குமுன் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் சரிவுகளில் நடக்கவேண்டாம்.

நடை எல்லாத் துயரத்தையும் ஆற்றும் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கமில்லாமல், பழைய காட்சிகள் துரத்தினால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதையிலேயே குந்தியிருந்த அந்தப் பெண், ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னேரங்களில் பக்கத்து வீட்டு அக்காவோடு குளக்கட்டில் நடக்கிறாராம். "கட்டை விட்டு இன்னும் இறங்கேல்லை மிஸ்" என்றார். "ஆனா ஒவ்வொரு நாளும் போறன்."

அது போதும். நாளைக்குப் பின்னேரம் நீங்களும் ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு புறப்படுங்கள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், சும்மா நடக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள்.