பால் தேத்தண்ணி நிறத்தில் எஞ்சின் ஒயில்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க ஒரு கடைக்குள் ஏறினேன். ஊரிலிருந்து தம்பி கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் மண்ணிறமும் வெள்ளையும் கலந்த ஏதோ ஒன்று. பக்கத்தில் இருந்த ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அங்கையும் பால் தேத்தண்ணியோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது தம்பியின் படகு எஞ்சினிலிருந்து வடித்த ஒயில்.

படத்துக்குக் கீழே அவனுடைய குரல்: "அண்ணை, எஞ்சின் முடிஞ்சுது. திருத்திறவர் புதுசு போடச் சொல்லுறார். என்ன செய்யிறது?"

என்ன செய்வது என்றால் எவ்வளவு அனுப்புவாய் என்று அர்த்தம். புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பயணம் ஒழுங்கு செய்தவருக்குக் கொடுத்த கடன் முடியவில்லை, விசா இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் இப்படி ஒரு அழைப்பு. 2019இல் எனக்கும் வந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல், நட்டத்துக்குச் சீட்டை எடுத்துக் காசை அனுப்பினேன். பழைய எஞ்சினை இரும்பு விலைக்கு வாங்கியவர் இரண்டு சீலை மாற்றிவிட்டு அதைக் கடலில் ஓட்டினார்! அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒயிலும் தண்ணீரும் தானாகச் சேராது. ஆனால் கியர் சுற்றுகிற வேகத்தில் இரண்டையும் அடித்துக் கலக்கினால் பால்போல ஆகிவிடும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒருமுறை இயந்திரத்தை அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவியபோது கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. பிரெஞ்சு மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு "மயோனேஸ்!" என்றார். எனக்கு அப்போது பாஷை மட்டுமட்டு. மனிதன் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிறார் என்றுதான் நினைத்தேன். இங்கே மெக்கானிக்மார் அந்த வெள்ளைக் கலவைக்கு அப்படித்தான் சொல்லுவார்கள். உங்களில் யாராவது ஸ்டாலின்கிராட் பக்கம் கால்வாயில் நிற்கும் படகுக்காரரோடு கதைத்தாலும் இந்தச் சொல் விளங்கும்.

எங்கள் கரைகளில் பைபர் படகுகளுக்குப் பின்னால் பூட்டுவது பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் ரூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் எஞ்சினுக்கான ஒயில் எரிபொருளோடு சேர்ந்து எரிந்துபோகும். ஆகவே தம்பி வடித்தது எஞ்சின் ஒயில் அல்ல. தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதியில் உள்ள கியர் ஒயில். 15 குதிரைவலு எஞ்சினில் அது ஏறக்குறைய கால் லீற்றர்தான். அது வெள்ளையானால் மேலே உள்ள எஞ்சின் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. எங்கோ ஒரு சீல் தண்ணீரை உள்ளே விடுகிறது, அவ்வளவுதான்.

தம்பிக்கு நான் சொன்னது இது. படகை ஓட்டாமல் ஒரு இரவு எஞ்சினை நிமிர்த்தி வை. விடிய, கீழ்த் திருகாணியை மெல்ல மெல்லத் தளர்த்து. தண்ணீர் ஒயிலைவிடப் பாரம், அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும். எவ்வளவு வருகிறது என்று பார். பிறகு ஒயிலை விரலில் தொட்டுத் தேய். சாம்பல் நிறப் பசைபோல நுண்ணிய தூள் என்றால் பயமில்லை, அது வழமையான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சில்லுகள் வந்தால் கியரோ பெயரிங்கோ உடைகிறது, அப்போது காசைப் பற்றிக் கதைப்போம். கடைசியாக விசிறியைக் கழற்றி அதன் பின்னால் பார்.

விசிறிக்குப் பின்னால்தான் கள்ளன் இருந்தான். தங்கூசி நூல்! வலையிலிருந்து அறுந்த துண்டு தண்டில் சுற்றி, இறுகி, சீலின் உதட்டையே வெட்டியிருந்தது. கடலில் போகும்போது கண்ணுக்குத் தெரியாது.

நூல் இல்லாவிட்டாலும் சந்தேகப்பட வேறு இடங்கள் உண்டு. ஒயில் திருகாணிகளுக்கு அடியில் இருக்கும் சின்ன வாசரைச் சிக்கனம் பார்த்துத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதனால் ஒரு எஞ்சின் சாகும். எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லையா? ஒயிலை வடித்துவிட்டு, மேல் ஓட்டையில் பம்பைப் பொருத்திக் கொஞ்சம் காற்று அடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மெல்லத்தான் அடிக்கவேண்டும். கூட அடித்தால் நல்ல சீலும் வெளியே வந்துவிடும். புது ஒயிலைக் கீழ் ஓட்டையால் ஏற்றி, மேல் ஓட்டையால் வழியும்வரை விடவேண்டும். மேலால் ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.

உள்ளே பூட்டிய டீசல் எஞ்சின் படகுகள் வேறு கதை. அங்கே ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தாலே பாதி விடயம் தெரியும். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் ஏதோ உள்ளே வருகிறது. ஒயில் வெளுத்திருந்தால் தண்ணீர், வெளுக்காமல் நீர்த்து டீசல் மணத்தால் டீசல். சந்தேகம் என்றால் ஒரு தகரத்தை நன்றாகச் சூடாக்கி ஒரேயொரு துளி ஒயில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் தாளிக்கிறமாதிரிப் படபடவென்று வெடிக்கும் (முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்). மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் அது வெறும் ஈரவியர்வையாகவும் இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் போய்விடும். ஒயில் முழுவதும் வெள்ளை என்றால் ஹெட் கஸ்கற், ஒயில் கூலர், அல்லது புகைக்குழாயால் திரும்பி வந்த கடல்நீர். அந்த நிலையில் ஸ்ராட் பண்ணிப் பார்ப்போம் என்று யாரும் சொன்னால் விடவேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, உள்ளே உள்ள தண்டுதான் வளையும்.

இதெல்லாம் நான் படித்தது சுனாமிக்குப் பிறகு. 2004 மார்கழி 26 அன்று எனக்குப் பதினைந்து வயது. வடமராட்சி கிழக்கில் எங்கள் கரை முழுதும் அழிந்தது. அப்பாவின் எஞ்சின் தலைகீழாக மணலுக்குள் புதைந்து கிடந்தது. செத்தவர்களை அடக்கவே ஆளில்லை, எஞ்சினை யார் தேடுவது? பதினொரு நாளுக்குப் பிறகு கிண்டி எடுத்தோம். கீழிருந்து பால்தான் வடிந்தது. பெயரிங் எல்லாம் உப்புத் தின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மான் மூன்றாம் நாளே தன் எஞ்சினை எடுத்து, பவுசரில் வந்த குடிதண்ணீரில் கழுவினார். கிணறுகளெல்லாம் உப்பாகிக் கிடந்த நேரம், ஊரே அவரை ஏசியது. அவர் வாய் திறக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயில் விட்டுக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த எஞ்சின் பிழைத்தது. நிவாரணக்காரர் எஞ்சின் திருத்தும் கொட்டில் போட்டபோது ஸ்பனர் எடுத்துக்கொடுக்கப் போன நான் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

அப்பா அதற்குப் பிறகு நாலு வருடம் கூலிக்குத்தான் கடலுக்குப் போனார். ஆகவே "ஒரு ஒயில்தானே" என்று யாரும் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 2022 ஆவணியில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அன்றிலிருந்து ஊரில் தொழில் செய்கிறவன் கையில் பிழை விடுவதற்குக் காசு இல்லை. எங்கள் கையிலும் இல்லை.

தம்பிக்கு இந்த முறை அனுப்பியது அறுபது யூரோ. இரண்டு சீல், வாசர், கியர் ஒயில் இரண்டு தரத்துக்கு. முதலில் ஊற்றியது உள்ளே ஒட்டிய பழைய வெள்ளையைக் கழுவத்தான், கொஞ்சம் ஓடியதும் வடித்துவிட வேண்டும். ஒரு கிழமை தொழிலுக்குப் போய்விட்டுத் திரும்பவும் திறந்து படம் அனுப்பச் சொன்னேன்.

நேற்று இரவு வேலையால் வரும்போது மெற்றோவுக்குள் படம் வந்தது. நிறம் தேனுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆனால் அடியில் இன்னும் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. இன்னொரு தரம் மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.