பேட்டரி சூடா? முதலில் தூசியைப் பாருங்கள்

ஹைபிரிட் கார்களும் மின்சாரக் கார்களும் நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்துவிட்டன. ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படிக்கும் நம் பிள்ளைகளின் கைக்கு நாளை வரப்போவது இந்த வண்டிகள்தான். அவற்றில் தவறாகக் கணிக்கப்படும் கோளாறு ஒன்றை இந்த வாரம் பார்ப்போம்.

பேட்டரி சூடானால் சீக்கிரம் தேயும். அதனால் சூடு கூடும்போது வண்டியின் கணினி இழுவையைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போடுகிறது. உடனே 'பேட்டரி போச்சு, மாத்தணும்' என்று சொல்லிவிடுகிறார்கள். மாற்றினால் பெருஞ்செலவு. ஆனால் கோளாறு பேட்டரியில் இல்லாமல், அதைக் குளிர்விக்கும் அமைப்பில் இருக்கலாம்.

1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரை எடுத்துக்கொள்வோம். காருக்குள் இருக்கும் காற்றை ஒரு விசிறி இழுத்து பேட்டரிக்கு அனுப்புகிறது. பின் சீட்டை ஒட்டிய காற்றுத் துளையில் தூசியும் முடியும் அடைந்தாலோ, மூட்டையை வைத்து மறைத்தாலோ சூடு ஏறும். ஸ்கேனரில் 'பி0ஏ82' என்று வந்தால் விசிறியைச் சந்தேகி என்று பொருள். பேட்டரியை மாற்று என்று பொருள் அல்ல.

சோதிக்கும் வரிசை இதுதான். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் பேட்டரியின் எல்லா வெப்ப சென்சார்களும் ஏறத்தாழ வெளி வெப்பத்தையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் அந்த சென்சாரை, அதன் ஒயரைப் பாருங்கள். அடுத்து, ஸ்கேனர் மூலம் விசிறியை ஓடவிடுங்கள். ஓடியும் காற்று இழுக்கவில்லையா? அடைப்பு. ஓடவே இல்லையா? பியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டத்தில் ஒரு பகுதி மட்டும் சூடேறினால்தான் செல்களைச் சந்தேகிக்க வேண்டும்.

டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் பேட்டரியைக் குளிர்விப்பது கூலன்ட் திரவம். அது குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பியதோடு விட்டுவிடக் கூடாது. கசிவைத் தேட வேண்டும். குறையவில்லை என்றால் பம்ப் ஓடுகிறதா, குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவனம் சொன்ன கூலன்ட் தவிர வேறு எதையும், குழாய்த் தண்ணீரையும் ஊற்றக் கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. பிரியஸ் பேட்டரியில் 200 வோல்ட்டுக்கு மேல், நெக்ஸானில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் உண்டு. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள். முறையாகப் பயிற்சி பெற்றவர் மட்டுமே, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே பேட்டரியைத் திறக்க வேண்டும்.

'ஒண்ணும் ஆகாது, சும்மா தொடு' என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆபத்தில் இறக்கிவிடப்படுவது நம் மக்களுக்குப் பழைய கதை. புதிய தொழிலிலும் அதைத் தொடர விடக் கூடாது. கையுறை கேட்பது பயம் அல்ல, உரிமை.