ஒரே ஊசி, இரண்டு பதில்கள்

எட்டாம் மாதம் பிறக்குமுன்பே இடுப்புவலி கண்டுவிட்டது. குழந்தையின் நுரையீரல் இன்னும் முற்றவில்லை. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

இந்தக் கேள்விக்கு முதல் வெளிச்சம் செம்மறி ஆடுகளிடமிருந்து வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவர் கிரகாம் லிகின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டி ஒன்று பிழைக்க வழியில்லாத நிலையிலும் மூச்சுவிடுவதைக் கண்டார். குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் சோதித்து, 1972-ல் நல்ல முடிவை வெளியிட்டார். அதன்பின் நடந்த பல ஆய்வுகள் சிறியவை. தனித்தனியே பார்த்தால் உறுதியாக எதையும் சொல்லாதவை. 1990-ல் பேட்ரிசியா குரோலியும் சகாக்களும் அவற்றைத் தொகுத்தபோது பலன் பளிச்சென்று தெரிந்தது. இடையில் பதினெட்டு ஆண்டுகள்! எத்தனை தொட்டில்கள் வீணே காலியாயின என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள கிடைக்கோடுகள் அந்த ஆய்வுகளில் சிலவற்றின் முடிவுகள்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்களை உள்ளடக்கிய ஆய்வு 2015-ல் வெளியானது. கிராமச் சுகாதார நிலையம் வரை ஊசியைக் கொண்டுபோனார்கள். மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் ஆயிரத்துக்கு 3.5 சிசு மரணங்கள் கூடின. தாய்க்குத் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டதும் அதிகரித்தது. ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தவை மிகச் சிறிய குழந்தைகளே அல்ல.

சான்றுகளைத் தரம் பிரிக்கும் 'கிரேடு' முறையை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். உயர்வு, மிதம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படிகள். நல்ல ஆய்வாகவே இருக்கட்டும். அதிலிருந்த நோயாளிகளும் வசதிகளும் நம்முடையவற்றோடு பொருந்தாவிட்டால் படி இறங்கும். தரம் மருந்துக்கு அல்ல, கேள்விக்கு.

கேள்வியைத் திருத்திக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் மறுபடி ஆராய்ந்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேனில் வாரம் உறுதியான 2,852 பெண்கள். ஸ்டீராய்டு பெறாதவர்களிடம் சிசு மரணம் 23.5 சதவீதம் இருந்த இடத்தில், ஊசி பெற்றவர்களிடம் 19.6. பலன் தெளிவானதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். முடிவு 2020-ல் வெளியானது.

அந்த நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் 24 முதல் 34 வாரம் வரை ஊசியைப் பரிந்துரைக்கிறது. நிபந்தனைகள் உண்டு: ஏழு நாளுக்குள் பிரசவமாகும் வாய்ப்பு அதிகம் இருக்க வேண்டும், தாய்க்குத் தொற்று கூடாது, பிரசவத்துக்கும் குறைமாதக் குழந்தைக்கும் தக்க கவனிப்பு வேண்டும், எத்தனையாவது வாரம் என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். ஆகவே ஊசிக்கு முன்னால் நிற்கிறது, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டிய ஒரு ஸ்கேன்.