கைமாறி வந்த உமர் கய்யாம்

எங்கள் வீட்டில் தமிழ்ப் புத்தகங்கள் மூன்றே. ஒன்று பஞ்சாங்கம், அதைப் புத்தகக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இரண்டாவது திருக்குறள். மூன்றாவது, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தமிழில் பாடித் தந்த உமர் கய்யாம் பாடல்கள். என் தகப்பனார் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே. பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். இரவுச் சாப்பாடு முடிந்தபின் அவர் என்னை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, கவிமணியின் பாட்டில் விரலை வைத்து எழுத்துக் கூட்டச் சொல்வார். குறள் அப்போது எனக்குக் கடினம், கவிமணியோ வாழைப்பழம். ஆகவே நான் தமிழ் படித்தது உமர் கய்யாமிடம் என்று சொன்னால் மிகையன்று. பாரசீகத்தில் அவர் பாடியது அப்படியே தமிழில் வந்து இறங்கிவிட்டது என்றுதான் அண்மைக் காலம் வரை நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பதையே இங்கு எழுதப் புகுந்தேன். பாரசீகத்தில் ஓர் எழுத்தும் அறியாத கணித மாணவன் பாரசீக இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது துணிச்சல்தான். ஆனால் அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் பிறநாட்டு இலக்கியத்தை மொழிபெயர்ப்பின் வழியாகத்தானே படிக்கிறோம்? அந்த வழியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து நடப்பதில் தவறு இல்லையே!

மானசகங்கோத்திரி விடுதியில் என் அறை நண்பர் மண்டியாப் பக்கத்துக் கன்னடியர், வேதியியல் மாணவர். ஒருநாள் மழையில் மின்சாரம் நின்றுவிட்டது. பொழுது போக நான் கவிமணியின் பாட்டொன்றைப் பாடி, கன்னடத்தில் பொருளும் சொன்னேன். மர நிழல், இனிய காற்று, படிக்கக் கம்பன், பருக அமுது, பாட நீ. இவை இருந்தால் வேறு சொர்க்கம் எதற்கு என்னும் கருத்துடைய பாட்டு. நீங்கள் எல்லோரும் அறிந்ததே.

நண்பர் எழுந்து உட்கார்ந்தார். “கம்பனா? பாரசீகக் கவி கையில் கம்பராமாயணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?” என்று கேட்டுச் சிரித்தார். அவர் வீட்டிலும் ஓர் உமர் இருந்திருக்கிறார். ‘மங்குதிம்மன கக்க’ பாடிய டி. வி. குண்டப்பா அவர்கள் கன்னடத்தில் செய்த ‘உமரன ஒசகெ’. எது உண்மையான உமர் என்று விளக்கு வரும்வரை இருவரும் வாதாடினோம். எனக்குக் கோபம் வந்தது உண்மை. கவிமணிக்காக வந்த கோபம் அன்று அது; என் தகப்பனார் விரல் வைத்துக் காட்டிய எழுத்தில் ஒருவர் குற்றம் கண்டாரே என்றுதான்.

மறுநாள் நூலகத்துக்குப் போனோம். அங்கே இருவருக்கும் தோல்வி. கவிமணியும் டி. வி. ஜி. யும் எடுத்துக்கொண்டது பாரசீக மூலத்தை அன்று. எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் ஆங்கிலக் கவிஞரின் நூலை. பாரசீகத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். உமர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கை மாறி வந்திருக்கிறார்.

அந்த முதற்கை எப்படிப்பட்டது? ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பாரசீகம் கற்பித்தவர் அவரினும் வயதில் இளையவரான கவல் என்னும் நண்பர். ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் 158 பாடல்கள் கொண்ட ஒரு கையெழுத்துப்படியைக் கவல் கண்டெடுத்தார். 1856-ல் அவர் பேராசிரியராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே வங்காள ஆசியக் கழகத்தின் நூலகத்தில் இன்னொரு படி கிடைத்தது. அதைப் பெயர்த்தெழுதச் செய்து நண்பருக்கு அனுப்பினார். உலகப் புகழ் பெற்ற அந்த ஆங்கில நூலுக்கு வேண்டிய சரக்கில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து கப்பலேறியது என்பதைப் பலர் அறியார். 1859-ல் 75 பாடல்களோடு நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர்கூட அதில் இல்லை. வாங்குவாரின்றிக் கடைவாசலில் ஒரு பென்னிக்குக் கிடந்தபிறகே கவிஞர் ரோசெட்டி முதலானோர் கண்ணில் பட்டது.

ஃபிட்ஸ்ஜெரால்டு எந்தப் பாட்டை எங்கிருந்து எடுத்தார் என்று 1899-ல் ஹெரான் ஆலன் என்பவர் மூலத்தோடு வைத்து ஒப்பிட்டார். 49 பாடல்கள் ஒவ்வொன்றும் ஒரே பாரசீகப் பாட்டிலிருந்து பிறந்தவை என்றும், 44 பாடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைக் கலந்து செய்தவை என்றும் கண்டார். எஞ்சிய சிலவற்றுக்கு வேர் அத்தார், ஹாபிஸ் போன்ற வேறு கவிஞர்களிடமும் இருந்தது. எங்களுக்குள் சண்டை மூட்டிய நிழற்பாட்டையும் அங்கே தேடினேன். அது இரண்டு பாட்டுகளின் கலவை. ஒன்றில் ஒரு குடுவைச் செந்நிற மது, ஒரு கவிதை நூல், உயிர் தாங்க அரை ரொட்டி. மற்றொன்றில் கோதுமை ரொட்டி, மது, அவற்றோடு ஓர் ஆட்டுத் தொடை! பிறகு நீயும் நானும் ஒரு பாழிடத்தில் அமர்ந்திருந்தால் அது சுல்தானின் அரசைவிட மேல் என்று இரண்டும் முடிகின்றன.

இதைப் படித்ததும் நண்பர் சிரித்த சிரிப்பில் நூலகத்தார் எங்களைப் பார்த்தார்கள். ஆட்டுத் தொடை ஆங்கிலத்தில் காணாமற் போய்விட்டது. ஃபிட்ஸ்ஜெரால்டு பெரும்பாலும் மரக்கறி உண்டு வாழ்ந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காரணம் அதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மரக்கிளை நிழலும் பாட்டுப் பாடுவதும் அவருடைய சேர்க்கை. சுல்தானை நீக்கிவிட்டுச் சொர்க்கத்தைக் கொண்டுவந்ததும் அவரே. கவிமணியின் பாட்டில் நான் உயிராக நினைத்த நிழலும் பாட்டும் சொர்க்கமும் பாரசீகத்துச் சரக்கு அல்ல, இங்கிலாந்துச் சரக்கு. கம்பனோ நம் ஊர்ச் சரக்கு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியின் பிழை அடுத்த கருவிக்குப் போய், அங்கிருந்து விடைக்குப் போவதைப் போலத்தான் இதுவும்.

ஆயினும் இரண்டு கைகளையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. 1857-ல் கவலுக்கு எழுதிய கடிதமொன்றில் ஃபிட்ஸ்ஜெரால்டு, இந்தப் பாரசீகரிடம் விருப்பம்போல் உரிமை எடுத்துக்கொள்வது தமக்கு வேடிக்கையாயிருக்கிறது என்றும், தம்மை அஞ்சவைக்கும் அளவுக்கு அவர்கள் கவிஞர்கள் அல்லர் என்றும் பொருள்பட எழுதுகிறார். ஆண்ட இனத்தவரின் செருக்கு அது. பாட்டின் அழகு அதை மறைக்காது. கவிமணி செய்தது வேறு. பெயரில்லாத கவிதை நூல் ஒன்று பாட்டில் கிடந்தது. தமிழன் கையில் இருக்கக்கூடிய நூலை அந்த இடத்தில் வைத்தார். எவரும் ஏமாறமாட்டார்கள். கம்பன் பெயரைப் பார்த்ததுமே, இது இங்கே செய்த மாற்றம் என்று படிப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இருபது ஆண்டு அதைப் பார்த்தும் கேள்வி கேட்காதது என் குறை.

இனி என் துறைக்கு வருகிறேன். கய்யாம் 1048-ல் நிஷாப்பூரில் பிறந்தவர், 1131-ல் மறைந்தவர். தம் காலத்தில் அவர் பெற்ற பெயர் கணிதத்தாலும் வானநூலாலும் வந்தது. முப்படிச் சமன்பாடுகளில் எளிதில் அடங்காத 14 வகைகளை வரிசைப்படுத்தி, வளைகோடுகளை ஒன்றையொன்று வெட்டவைத்து விடை கண்டார். ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். கட்டமிட்ட தாள் இருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஓர் எண்ணின் முப்படியோடு அதே எண்ணின் நான்கு மடங்கைக் கூட்டினால் 16. எண் யாது? கிடையாக 4 அளவுள்ள விட்டம் ஒன்றை இட்டு அதன்மேல் வட்டம் வரையுங்கள். விட்டத்தின் இடது முனையிலிருந்து ஒரு பரவளையம் வரையுங்கள். அதில் எந்தப் புள்ளியிலும் கிடைத்தொலைவின் வர்க்கம் உயரத்தின் இரு மடங்காக இருக்கவேண்டும். தொடங்கிய முனை நீங்கலாக, இரண்டும் இன்னோர் இடத்தில் சந்திக்கும். அதன் கிடைத்தொலைவு 2. அதுவே விடை; எட்டும் எட்டும் பதினாறு.

இந்த நூலை அவர் எழுதியது அரபு மொழியில். அக்காலத்து அறிவியல் அதில்தான் நடந்தது. 1851-ல் வெப்கே என்பவர் பாரிஸில் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். அதாவது, கவிஞர் கய்யாம் ஃபிட்ஸ்ஜெரால்டின் கையால் ஐரோப்பாவில் புகழ் பெறுவதற்கு எட்டு ஆண்டு முன்பே கணிதர் கய்யாம் அங்கே போய்விட்டார். அவர் போனபோது வழியில் எதையும் இழக்கவில்லை. சொற்களால் அவர் எழுதியதை நாம் குறியீட்டால் எழுதுகிறோம்; வட்டமும் பரவளையமும் அதே இடத்தில் வெட்டுகின்றன. 1079-ல் மாலிக் ஷா அரசர் காலத்தில் அவரும் பிறரும் சேர்ந்து செய்த ஜலாலி நாட்காட்டியும் அப்படியே. 33 ஆண்டுக்கு 8 மிகுநாள் என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 365.2424 நாள். 1582-ல் வந்து இன்று நாம் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் அளவு 365.2425.

அப்படியானால் மூலத்தைப் பிடித்துவிட்டால் கவிதையிலும் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. கய்யாமை நேரில் அறிந்த நிஜாமி அரூசி என்பவர், கய்யாம் மறைந்து நான்கு ஆண்டுக்குப் பின் அவர் கல்லறைக்குப் போனதையும், பழமரங்களின் பூக்கள் உதிர்ந்து கல்லறையை மூடியிருந்ததையும் உருக்கமாக எழுதியிருக்கிறார். ஆனால் கய்யாமை அவர் வைத்திருப்பது சோதிடர்கள், வானநூலார் வரிசையில். பாட்டுக் கட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. கய்யாம் பெயரில் இன்று வழங்கும் பாடல்களில் எவை அவருடையவை என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1207-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று நம்பப்பட்ட கையெழுத்துப்படி ஒன்றைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்பெரி 1952-ல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அது அண்மைக் காலத்தில் செய்த போலி என்று பின்னர் தெரிந்தது. அவ்வளவு பெரிய பாரசீகப் புலவரே ஏமாந்தார் என்றால், மூலமொழி தெரியாத நம் நிலை அவ்வளவொன்றும் கேவலமில்லை என்று எனக்குச் சற்றே ஆறுதல்.

பாரசீகத்தைக் கண்ணாலாவது பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறி ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம், பதினைந்து கிலோமீட்டர்தான். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அடங்கியிருக்கும் கும்பஸில் பாரசீக எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கொடியும் தளிருமாக ஓடும் அந்த எழுத்தின்முன் இருவரும் ஊமைகளாய் நின்றோம். இந்த ஊரில் அரசாங்கக் காரியம் நடந்த மொழி அது. 1799-ல் கோட்டை விழுந்தபின் திப்புவின் நூலகத்திலிருந்த சுமார் 2,000 கையெழுத்து நூல்களை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். அவை கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயின. 1809-ல் சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு அட்டவணை அச்சிட்டார். திப்பு தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதிவைத்த கனவுக் குறிப்பேடும் இன்று லண்டனில்தான் இருக்கிறது. மைசூரில் எழுதியதை மைசூர் மாணவன் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கவேண்டியிருக்கிறது.

திரும்பும்போது பேருந்தில் ஒரு விளையாட்டு ஆடினோம்: தமிழிலும் கன்னடத்திலும் பொதுவாயிருக்கும் பாரசீகச் சொற்களைச் சொல்வது. குமாஸ்தா, சிபாரிசு, பந்தோபஸ்து என்று கச்சேரிச் சொற்களாகவே வந்தன. பிறகு எனக்கு ‘சராசரி’ நினைவுக்கு வந்தது. நாள்தோறும் கணக்கில் எழுதும் சொல்! அதுவும் பாரசீகம். நம் ‘தராசு’ம் அப்படித்தான்; துலாக்கோல் என்று நமக்கு வேறு சொல் இருந்தும் கடைத்தெருவில் தராசுதான் வென்றது. எல்லாவற்றினும் எனக்குப் பிடித்தது ‘திவான்’. மைசூருக்குத் திவான் என்றால் அமைச்சர். பாரசீகத்தில் அதே சொல்லுக்குக் கவிதைத் தொகுதி என்றும் பொருள். அந்த ஆட்டுத் தொடைப் பாட்டின் இரட்டையில், கய்யாம் கையில் கேட்கும் கவிதை நூலுக்கு நிற்கும் சொல் அதுதான். எந்தக் கவிஞனின் திவான் என்று சொல்லப்படவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சற்றுத் தயக்கத்தோடு. ஆட்டுத் தொடைக்குச் சிரித்தார். கம்பன் மூலத்தில் இல்லை என்றபோது சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துச் சிறிது நேரம் பார்த்திருந்தார். “கம்பன் இல்லையென்றால் அங்கே யாருடைய புத்தகம்?” என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை என்றேன். “சரி, நீ அதைக் கொண்டுபோய் விடுதியில் வைத்துக்கொள், அந்தக் கன்னடப் பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடு” என்றார்.

புத்தகம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் டி. வி. ஜி., ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹெரான் ஆலன். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் ஒரு பாட்டை நான்கிலும் வைத்துப் பார்க்கிறோம். வாரத்துக்கு ஒன்றுக்குமேல் நகர்வதில்லை. சங்க அன்பர்கள் எவரும் வரலாம். உருது படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் பாரசீக எழுத்தையாவது வாய்விட்டுப் படித்துக் கேட்கலாம். அவருக்குக் காப்பி எங்கள் செலவு.