கொஸ்லந்த வெளிச்சமும் ஒரு ரோல் பிலிமும்

இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தவில் வெளிச்சம் ஒரே பகலில் பல முறை மாறும். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவது) முடிந்து பெண்கள் தேயிலை மலைக்கு ஏறும்போது மூட்டம், பதினொரு மணிக்குக் கண் கூசும் வெயில், பின்னேரம் மறுபடி மூட்டம் அல்லது மழை. பிலிம் காலத்தில் இங்கே படமெடுக்க வந்தவர் இதில் எதையும் பார்க்காமலே, கடையில் ரோல் வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டும்: ஒளியுணர்திறன் எண் (ஐ.எஸ்.ஓ.) 100ஆ, 400ஆ? கமராவில் போட்டபின் 36 படங்களும் அந்த ஒரே எண்ணுக்குத்தான்.

100 போட்டால் வெயிலில் தேயிலைப் பச்சை அழகாக வரும். மூட்டத்திலோ எஃப் 5.6 வைத்தாலும் ஷட்டர் நூறில் ஒரு நொடிக்கு மேல் வேகம் கொடுக்காது. கொழுந்து எடுக்கும் விரல்களுக்கு அது போதாது, கலங்கிவிடும். அதனால்தான் "அப்படியே கொஞ்சம் நில்லுங்கக்கா" என்ற குரல். 400 போட்டவருக்கு விரல்கள் ஓரளவு தெளிவாகக் கிடைக்கும். ஆனால் அதே ரோலோடு தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனால், 220 மீற்றர் விழும் நீரை வெண்துணிபோல் காட்டத் தேவையான அரை நொடி, பட்டப்பகலில் ஒளியைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி இல்லாமல் வாய்க்காது.

அதற்கும் முந்திய காலம் இன்னும் கடினம். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879இல் திக்கோயாவில் இறந்த படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் இலங்கைத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவருடைய ஈரக் கண்ணாடித் தகட்டின் உணர்திறன் இன்றைய கணக்கில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. எதிரே நிற்பவர் பல நொடிகள், சில வேளை நிமிடக்கணக்கில், அசையக் கூடாது. அந்தக் காலத்துத் தோட்டப் படங்களில் நம் சனங்கள் விறைத்து நிற்பதைப் பணிவு என்றே பலர் வாசித்துவிட்டார்கள். அந்த விறைப்பில் தகட்டின் மந்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வேலை செய்யும் கையை, சிரித்துத் திரும்பும் முகத்தை அந்தத் தகட்டால் பிடிக்கவே முடியாது.

இன்று ஒவ்வொரு படத்துக்கும் தனி ஐ.எஸ்.ஓ. வைக்கலாம். என் கணக்கில் பெரிய மாற்றம் இதுதான்: கொழுந்து எடுப்பவர் வேலையை நிறுத்தத் தேவையில்லை. முதலில் ஷட்டரை ஐந்நூறில் ஒரு நொடிக்கு வையுங்கள். மூட்டத்தில் 800, வெயில் வந்ததும் 200. தியலுமவில் முக்காலியும் வடிகட்டியும் போட்டு 100. ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து மூட்டத்திலும் 100லேயே நிற்பவர்களைப் பார்க்கிறேன். புள்ளியைப் பொறுக்கலாம், கலங்கிய கையைத் திருத்த வழியில்லை. மூட்டத்தின் வெண்மை கமராவின் அளவுமானியையும் ஏமாற்றும், படம் மங்கலாக வரும். அங்கேயே வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். இருண்ட படத்தை வீட்டில் வெளுக்க வைத்தால் புள்ளிதான் பெருகும்.

எடுத்த படம் எப்போதும் தங்கிவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தவின் மீரியபெத்தவில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்பு லயங்களை மூடியது. உயிர்களோடு, வீட்டில் வைத்திருந்த படங்களும் மண்ணுக்குள் போயின. இப்போது லயத்துப் பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. அம்மா மலையில் நிற்பதை அவர்களே எடுக்கிறார்கள், எடுத்ததை உறவுகளுக்கு அனுப்பியும் வைக்கிறார்கள். தானியங்கி முறையில் விட்டால் சில போன்கள் மங்கிய ஒளியில் முகச் சுருக்கத்தையும் இலை ஈரத்தையும் வழித்துவிடும். கையால் அமைக்கும் 'ப்ரோ' முறை இருந்தால் அதைத் திறந்து, ஷட்டரை ஐந்நூறில் வைத்து, குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் தொடங்கட்டும், மழை இருட்டினால் கூட்டிக்கொண்டு போகலாம்.